லோதி ரோட்டில் மார்கழி

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் முதல் கேள்வி ஒன்றுதான். "டெல்லியில குளிரு எப்படி இருக்கு? டி.வி.யில ரெண்டு டிகிரி, மூணு டிகிரிங்கறானே, எப்படித்தான் இருக்கீங்களோ!" பதிலுக்கு நாமும், "அதெல்லாம் பழகிப் போச்சு" என்று சொல்லி வைக்கிறோம். உண்மையில் பழகிப் போனது குளிர் அல்ல, குளிரோடு குடித்தனம் நடத்தும் வழிகள்தாம். அவற்றை நமக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார், அவை இன்று என்ன ஆயின என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். லோதி காலனி அரசுக் குடியிருப்பில் இருபத்தைந்து குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

குளிரை அளக்கும் தெரு

தொலைக்காட்சியில் சொல்லும் அந்த டிகிரிக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று நம்மில் பலர் கேட்டதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் தொடங்கப்பெற்றது. அதன் தலைமையகம் கல்கத்தா, சிம்லா, புனே என்று இடம் மாறி 1944-இல் டெல்லிக்கு வந்தது. இன்றும் அதன் 'மௌசம் பவன்' லோதி ரோட்டில்தான் இருக்கிறது. பக்கத்திலுள்ள சஃப்தர்ஜங் விமான நிலையத்தில் எடுக்கும் அளவையே 'டெல்லியின் வெப்பநிலை' என்று சொல்வது வழக்கம். ஆக, தலைநகரின் குளிரை அளப்பதே நம் தெருமுனையில்தான்!

ஜனவரியில் சஃப்தர்ஜங்கின் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏழரை டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 1935 ஜனவரி 16 அன்று அங்கே பதிவான மைனஸ் 0.6 டிகிரிதான் இன்றுவரை மிகக் குறைந்த அளவு. சமவெளியில் குறைந்த வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே போனால் 'குளிர் அலை' என்று அறிவிப்பார்கள். ஆனால் அனுபவப்பட்டவர்களைக் கேட்டால், இரவுக் குளிரைவிடப் பகல் குளிர்தான் பொல்லாதது என்பார்கள். 2019 டிசம்பர் 30 அன்று பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். அன்று சூரியன் தலைகாட்டவே இல்லை.

"இதைவிடக் குளிரான நாட்டிலெல்லாம் ஜனங்க இல்லையா?" என்று ஊரில் கேட்கலாம். அங்கெல்லாம் வீட்டைக் கட்டும்போதே குளிரை நினைத்துக் கட்டுகிறார்கள். நம் குடியிருப்புகளோ மே, ஜூன் மாத வெயிலை நினைத்துக் கட்டியவை. உயரமான கூரை, கனத்த சுவர், சிமென்ட் தரை, காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்ட கதவுகள். கோடையில் இவை வரம். ஜனவரியில் அதே சுவர் இரவெல்லாம் குளிரைக் குடித்து வைத்துக்கொண்டு பகலெல்லாம் வீட்டுக்குள் விடுகிறது. அதனால்தான் டெல்லியில் வெளியே வெயிலும் உள்ளே குளிருமாக இருக்கிறது.

மூடுபனி வரும் வழி

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது நம்மூர்ப் பழமொழி. டெல்லியில் கணக்கு ஒரு மாதம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மார்கழியும் தையும் சேர்ந்தே மச்சைத் துளைத்துவிடும். மாசி வருவதற்குள் இலவ மரம் சிவப்பாகப் பூக்கத் தொடங்கிவிடும்.

ஊட்டி, கொடைக்கானலில் நாம் பார்க்கும் மூடுபனி பெரும்பாலும் மலை மேல் வந்து தங்கும் மேகம். டெல்லியின் 'கோஹ்ரா' அப்படியல்ல, தரையிலிருந்தே பிறப்பது. இங்கே குளிர்கால இரவு நீளம். டிசம்பர் 21, 22 தேதிகளில் சென்னையில் பகல் சுமார் பதினொன்றேகால் மணி நேரம் இருக்கும்போது டெல்லியில் பத்தேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். நீண்ட இரவில், தெளிந்த வானத்தின் கீழ், தரை தன் வெப்பத்தையெல்லாம் இழந்து சில்லிட்டுப் போகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாகிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' ஒரு நாள் மழையைக் கொடுத்துவிட்டுப் போனால் ஈரத்துக்குக் குறைவே இல்லை. அந்த மழைதான் பஞ்சாப், ஹரியானா கோதுமைக்கு உயிர். நமக்கோ மறுநாள் எதிர்வீடு தெரியாது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எத்தனை மணி நேரம் தாமதம் என்று விசாரித்துக்கொண்டே, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை கட்டுவார்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். குளிர்கால இரவில் இது தலைகீழாகிறது. கீழே குளிர்காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று. பானைக்கு மூடி போட்டதுபோல் அந்த மேல் அடுக்கு, வண்டிப்புகை, தூசி, குப்பை எரித்த புகை எல்லாவற்றையும் கீழேயே அடைத்து வைக்கிறது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். ஆகவே, விடியற்காலைக் காற்று சுத்தமானது என்ற நம்மூர் நம்பிக்கை குளிர்கால டெல்லிக்குப் பொருந்தாது. காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டிய நாளில், ஐந்து மணிக்கு லோதி கார்டனைச் சுற்றும் பெரியவர்கள் பத்து மணிக்குச் சுற்றுவதே நுரையீரலுக்கு நல்லது.

மாவு பொங்காத மாதம்

டெல்லிக்குப் புதிதாக வந்த குடும்பத்துக்குக் குளிர்காலத்தின் முதல் அறிவிப்பைக் கொடுப்பது வானிலைத் துறை அல்ல, குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காயெண்ணெய் பாட்டில்தான். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனதும் அது உறைந்துவிடும். தீபாவளிக்குப் பிறகு ஒரு காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் விழாது. அன்றிலிருந்து ஹோலி வரைக்கும் பாட்டிலை வெந்நீர்ச் சொம்பில் நிறுத்தியாக வேண்டும்.

அடுத்தது இட்லி மாவு. மாவைப் பொங்கவைப்பது அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே இருக்கும் நுண்ணுயிர்கள். அவை விடும் கரியமில வாயுதான் மாவை உப்பவைக்கிறது. அவற்றுக்குச் சுமார் 30 டிகிரி வெப்பம் இருந்தால் உற்சாகம். ஊரில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே சமையலறையே பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கும்போது அவை தூங்கிவிடுகின்றன. ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் மாவு அசையாது. சோடா உப்பைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் கதி தெரியும்.

வழி சொல்லிக் கொடுத்தவர்கள் காலனி மாமிகள்தாம். "வெதுவெதுன்னு தண்ணி விட்டு அரைம்மா. உப்பை அப்புறம் போட்டுக்கலாம். பாத்திரத்தைப் பழைய சால்வையில சுத்தி, கோதுமை மாவு டப்பாவுக்குள்ள இறக்கி வை" என்பார்கள். பின்னாளில் அவன் வந்தபோது, அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே மாவை வைக்கும் உத்தி வந்தது. தயிருக்கும் இதே கதைதான். பால் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும், உறையை இரட்டிப்பாக விட வேண்டும், பாத்திரத்தை ரஜாய்க்குள் தூங்கவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கட்டிலில் மூன்று பேர் படுத்திருப்போம். நான், என் மனைவி, தயிர்ச் சட்டி.

வெயில் காய்ந்த ஊர்

நம்மூரில் 'குளிர் காய்தல்' தெரியும். 'வெயில் காய்தல்' என்பதை டெல்லிதான் நமக்குக் கற்றுக் கொடுத்தது.

லோதி காலனி 1940-களில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டது. ஆங்கிலேயர் டெல்லியில் கட்டிய கடைசிக் குடியிருப்பு என்று சொல்வார்கள். பெரிய வளைவு வாசல்கள், நடுவே புல்தரை, சுற்றிலும் வீடுகள் என்ற அமைப்பு. தலைநகரின் நடுவே இருந்தாலும் குளிர்காலத்தில் அது ஒரு சின்னக் கிராமம்தான். பதினொரு மணி வெயிலுக்கு வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் பாயும் நாற்காலியுமாகப் புல்தரைக்கு வந்துவிடுவார்கள். ஒரு பக்கம் பச்சைப் பட்டாணி உரிப்பார்கள், இன்னொரு பக்கம் ஸ்வெட்டர் பின்னுவார்கள். அக்டோபரிலேயே வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு 'டொய்ங் டொய்ங்' என்று வந்த பஞ்சு அடிப்பவரிடம் தைத்து வாங்கிய ரஜாய்கள் வெயிலில் காயும். ஊரிலிருந்து வந்த தாத்தா குரங்குக் குல்லாயும் வேட்டிக்குள் கம்பளிக் கால்சட்டையுமாக உட்கார்ந்து பஞ்சாபிக்காரரிடம் தமிழில் பேசுவார். அவர் பஞ்சாபியில் பதில் சொல்வார். இருவருக்கும் புரியாமல் போனதில்லை.

அந்த வெயிலில்தான் எல்லாம் நடந்தது. யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், யாருக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது, எந்தப் பையனுக்குக் கணக்கு வரவில்லை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வந்துவிட்டதா என்று சகலமும் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் இந்தி தெரியாமல் வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்தால் இரண்டே நாளில் யாராவது கூட்டிவந்து வெயிலில் உட்காரவைத்துவிடுவார்கள். சங்கம் என்பதற்குப் பதிவு எண்ணும் தலைவர் செயலாளரும் வேண்டும். அது எதுவும் இல்லாமலே நடந்த சங்கம் அந்தப் புல்தரைச் சங்கம்.

மார்கழி முதல் மாசி வரை

டிசம்பர் 11 பாரதியார் பிறந்த நாள். லோதி ரோட்டுக்குப் பக்கத்திலேயே அவர் பெயரில் சாலை இருப்பதும் அங்கே சிலை இருப்பதும் நமக்குப் பெருமை. அடுத்த சில நாளில் மார்கழி பிறக்கும். ஊரில் நாலரை மணிக்குப் பாட்டுக் கேட்கும். இங்கே ஜனவரி முதல் பாதியில் சூரியன் எழுவதே ஏழேகால் மணிக்கு. ஆறரை மணிக்குக் கிளம்பும் பஜனை கோஷ்டிகூட இருட்டில்தான் நடக்கும். சால்வைக்குள்ளிருந்து ஜால்ரா மட்டும் வெளியே வரும். மார்கழியின் முப்பது நாளும் திருப்பாவை சொல்லி முடித்த குழந்தைக்கு ஒரு பேனா பரிசு. வெண்பொங்கலைக் கையில் வாங்கும்போது அதன் சூடுதான் முதல் பிரசாதம். நடுவே வைகுண்ட ஏகாதசி, திருவாதிரைக் களி, நம் கிறிஸ்தவக் குடும்பங்களின் வீட்டிலிருந்து வரும் கிறிஸ்துமஸ் பலகாரம்.

ஜனவரி 13 இரவு பஞ்சாபிகளின் லோடி. புல்தரை நடுவே தீ மூட்டி வேர்க்கடலை, ரேவடி, பொரி போட்டுச் சுற்றி வருவார்கள். நம் போகியும் பல ஆண்டுகளில் அதே நாள்தான். காலையில் நாம் கொளுத்துவோம், இரவில் அவர்கள் கொளுத்துவார்கள். இது தற்செயல் அல்ல. சூரியன் மகர ராசியில் நுழைவதை வைத்து இரு சாராரும் கணக்கிடுவதால் வந்த ஒற்றுமை.

"சூரியன் வடக்கே திரும்புறது டிசம்பர் 22-லன்னு ஸ்கூல்ல சொல்றாங்க, நாம ஏன் ஜனவரி 14-ல உத்தராயணம்னு சொல்றோம்?" என்று குழந்தைகள் கேட்கும்போது மழுப்ப வேண்டியதில்லை. நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களின் பின்னணியில் வைத்து அளக்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தள்ளாடுவதால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இரண்டு கணக்கும் விலகி வந்திருக்கின்றன. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில் இருந்தன. சில ஆண்டுகளில் பொங்கல் 15-ஆம் தேதி வருவதும் இந்தக் கணக்கினால்தான்.

பொங்கலன்று பானை வைக்கப் புல்தரையில் செங்கல் அடுப்பு. இஞ்சிக் கொத்து கிடைக்கும், கரும்பு தாராளமாகக் கிடைக்கும், மஞ்சள் கொத்துக்குத்தான் அலைய வேண்டும். பனியில் நனைந்த சுள்ளி எரியாமல் புகையும். "பொங்கலோ பொங்கல்" என்று நாம் கூவினால் அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் அர்த்தம் தெரியாமல் சேர்ந்து கூவும். பிறகு திருவள்ளுவர் நாள், குடியரசு தின அணிவகுப்பு, 29-ஆம் தேதி விஜய் சௌக்கில் படைகள் பாசறை திரும்பும் இசை. வசந்த பஞ்சமிக்கு லோதி ரோட்டின் மறுகோடியில் உள்ள நிஜாமுதீன் தர்காவில் மஞ்சள் பூக்களோடு பாடுவார்கள். அத்தோடு குளிருக்கு விடைகொடுத்தாயிற்று.

அங்கீட்டி என்னும் ஆபத்து

இவ்வளவு இனிமைக்கு நடுவே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். ஊரில் குமுட்டி அடுப்பு என்போமே, அதுபோன்ற கரியடுப்பை இங்கே 'அங்கீட்டி' என்பார்கள். மூடிய அறையில் அதை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி டெல்லியில் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது.

கரி போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவை ஏந்திச் செல்லும் பொருளோடு அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம் போன்ற தூக்கம். அசதி என்று நினைத்துப் படுத்தால் அதுவே முடிவாகிவிடும். எங்கள் பிளாக்கிலேயே ஊரிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, கதவிடுக்கையெல்லாம் துணியால் அடைத்து, உள்ளே கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். காலையில் பால் வாங்க வரவில்லையே என்று எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டியதால் பிழைத்தார்கள். கதவை உடைத்து இருவரையும் வெளியே தூக்கி வந்தபோது பேச்சில்லை. அந்த எதிர்வீட்டுக்காரருக்கு விஞ்ஞானம் தெரியாது. தினமும் ஆறு மணிக்குப் பால் வாங்க வருகிறவர் வரவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஆகவே, அங்கீட்டியைத் திறந்த வெளியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக்குள் பொருத்திய கேஸ் கீஸருக்கும் இதே ஆபத்து உண்டு. காற்றோட்டமில்லாத குளியலறையில் அது வேண்டவே வேண்டாம். வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்து ஒற்றை அறையில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வெயில் இருக்கிறது, கூட்டம் எங்கே?

இப்போது எதிர்வீட்டுக்காரர் யாரென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அரசுக் குடியிருப்பு என்பது ஓய்வு பெறும்வரைதான். ஓய்வு பெற்றவர்கள் மயூர் விஹார், துவாரகா, நொய்டா, குர்கான் என்று சிதறிவிட்டோம். 2016 ஜூலையில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர் உள்ளிட்ட ஏழு பழைய அரசுக் காலனிகளை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. புதிய வீடுகளில் வசதி அதிகம், மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டாவது மாடியிலிருந்து பட்டாணி உரிக்கக் கீழே இறங்கி வருபவர் குறைவு.

நம் சமூகம் என்றால் குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் மட்டுமல்ல. ஜங்புரா அருகே, பாராபுல்லா வடிகால் ஓரம் மதராஸி கேம்ப் இருந்தது. நம் வீடுகளிலும் அக்கம்பக்கத்துக் காலனிகளிலும் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தன. அவர்கள் தெருவிலும் மார்கழிக் கோலமும் பொங்கலும் உண்டு. உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று சுமார் 370 வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. தகுதி பெற்ற குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் அது கிடைக்கவில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று லோதி எஸ்டேட்டில் இருக்கிறது, நரேலாவில் ஒன்றும் இல்லை. ஜனவரிப் பனியில் அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு குழந்தை தமிழ் படிக்க வர முடியுமா என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய திட்டம் எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூன்று சின்னக் காரியங்களைச் சொல்கிறேன். பொங்கல் விழாவை மாலைக் குளிரில் மண்டபத்துக்குள் நடத்துவதைவிட, பதினொரு மணி வெயிலில், மெட்ரோவுக்குப் பக்கத்திலுள்ள திறந்தவெளியில் நடத்துவோம். ஜோர் பாக் நிலையத்தில் இறங்கினால் லோதி ரோடு நடக்கும் தூரம்தான். மார்கழி, தை இரு மாதமும் தனியாக இருக்கும் நம் பெரியவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு என்று முறை வைத்துக்கொள்வோம். பால் வாங்க வரவில்லையே என்று கவனிக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவதாக, ஒரு பொங்கல் பானையை நரேலாவுக்கும் கொண்டுபோவோம். போகும்போது இரண்டு தமிழ் வாசகப் புத்தகமும், வாரம் ஒருமுறை வந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியரும் சேர்ந்தே போகட்டும்.

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பிளாக்குக்குப் போயிருந்தேன். சுவர்களில் இப்போது வண்ண வண்ணச் சித்திரங்கள். அவற்றைப் படமெடுக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். புல்தரையில் வெயில் அப்படியே இருந்தது. நாற்காலிகள்தாம் இல்லை. படியில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். போனில் யாரிடமோ, "மாவு பொங்கவே மாட்டேங்குதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைக்கும்வரை காத்திருந்துவிட்டு, "கோதுமை மாவு டப்பாவுக்குள்ள வச்சுப் பாருங்கம்மா" என்றேன். ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உட்காருங்க அங்கிள், வெயில் நல்லா இருக்கு" என்று சற்று நகர்ந்து இடம் விட்டாள்.